காணவில்லை என்று நான் எழுதிய நாய்

அந்த நாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அதை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியதே போதும்.

கொடைக்கானல் பஜாரிலிருந்து கீழே இறங்குகிற சரிவில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. பேனர், போஸ்டர், வண்டி ஸ்டிக்கர், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். மிஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் மலை மேல் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் வாசகம் எழுத வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்லேட் கடைக்கும் தைலக் கடைக்கும் நான் எழுதிக் கொடுத்த வரிகளை டூரிஸ்ட்டுகள் நின்று படித்துச் சிரிப்பதைக் கடை வாசலில் இருந்தே பார்த்திருக்கிறேன். நாலு பேர் சிரித்துவிட்டால் அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு கூட வேண்டாம்.

ஒரு சீசனுக்கு முன்னால், மன்னவனூர் ரோட்டில் புதிதாகக் காட்டேஜ்கள் கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார். கீழே சமவெளியில் ஏதோ வியாபாரம் செய்துவிட்டு மேலே வந்தவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாப் பயலும் மேகம் தவழுது, மலை சிரிக்குதுன்னே போடறான். நமக்கு அது வேணாங்க. ரோட்டுல போறவன் நிக்கணும். நின்னு முழுசாப் படிக்கணும். அப்படி ஒண்ணு யோசிங்க."

யோசிக்க ஒன்றும் நேரம் ஆகவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எவ்வளவு அவசரத்தில் போகிறவரும் இரண்டு போஸ்டருக்கு மட்டும் நிற்பார். ஒன்று கண்ணீர் அஞ்சலி, இன்னொன்று காணவில்லை. நமக்குத் தெரிந்த முகமா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். கண்ணீர் அஞ்சலியை வைத்து ரூம் விற்க முடியாது. அதனால் காணவில்லையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆளக் காணோம்னா போடறது? போலீஸ் கீலீஸ்னு வந்துறப் போகுது" என்று அவர் இழுத்தார்.

"மனுசன் படத்தப் போட்டாத்தாங்க கேஸாகும். நாயப் போட்டா யாரு கேக்கப் போறா?" என்றேன்.

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்று பல நாள் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

என் கம்ப்யூட்டரில் காணவில்லைக்கு என்று ஒரு ஃபைல் தயாராக இருக்கும். மேலே சிவப்பில் பெரிய எழுத்து, நடுவில் படம், கீழே வயது, நிறம், அங்க அடையாளம், போன் நம்பர். யாராவது அழுதுகொண்டு வந்து நின்றால் ஆற அமர டிசைன் செய்துகொண்டிருக்க முடியாது என்பதற்காக நானே செய்து வைத்தது. அதில் கடைசியாக இருந்தது பாச்சலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் படம். ஞாபகம் தப்பி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். போஸ்டரைப் பார்த்த ஒரு கண்டக்டர் இரண்டாம் நாளே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவரை அடையாளம் கண்டு போன் செய்தார். வீட்டுக்காரர்கள் பழக்கூடையோடு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த எழுத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்பது தெரியாமல் நான் அதைத் தொடவில்லை. பெரியவர் படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் நாயை வைத்தேன்.

அது அடுத்த வீட்டு அக்காவின் நாய். கடைக்கு இரண்டு வீடு தள்ளி என் வீடு, அக்காவுக்கும் எனக்கும் ஒரே சுவர்தான். ஒரு போர்டிங் ஸ்கூல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவர். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் மிச்சம் அவரும் நாயும்தான். நாட்டு நாய், பழுப்பு நிறம், இடது காது மடங்கி விழுந்திருக்கும். நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் திருநீறு பூசின நாய் என்று நான் கிண்டல் செய்வேன். "ஆண்டவருக்கு எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார் அக்கா. ஸ்கூலில் எந்தப் பிள்ளையோ விட்டுவிட்டுப் போன நீலக்கோடு போட்ட டை ஒன்றைத்தான் அதற்குக் கழுத்துப்பட்டையாகக் கட்டியிருந்தார்.

காலையில் வெள்ளனே அக்கா வேலைக்குக் கிளம்பினால் அது ஸ்கூல் கேட் வரை கூடவே போகும். அவர் உள்ளே போனதும் தனியாகத் திரும்பி வந்து வாசற்படியில் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் யாரும் சொல்லாமல் எழுந்து மறுபடி கேட்டுக்குப் போகும். மழை, பனி எதற்கும் இந்த டியூட்டி நின்றதில்லை. மற்ற நாய்கள் குரைத்துச் சண்டைக்கு இழுத்தாலும் திரும்பிப் பார்க்காது. "எனக்குச் சோலி கெடக்கு" என்பது மாதிரி ஒரு நடை.

வெயில் அடித்த ஒரு காலையில் படியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தேன். ஒரு விளம்பரத்துக்கு என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே பெருமை. டையைத் துவைத்து, அடுப்பு மேல் காயவைத்து, திரும்பக் கட்டிவிட்டார்.

வாசகம் இதுதான்: நாயின் பெயர், வயது, நிறம், இடது காது மடங்கியிருக்கும், கழுத்தில் டை. கடைசியாகப் பார்த்த இடம், எங்கள் காட்டேஜ் புல்வெளி. தேட வேண்டாம். அழ வேண்டாம். நல்ல இடத்தில்தான் இருக்கிறது. வெயில் காய்கிறது. வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறது!

காணவில்லை என்ற எழுத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து படிக்கிற அளவுக்கு வைத்தேன். மற்றதெல்லாம் கிட்டே வந்தால்தான் தெரியும். காட்டேஜ் பெயரும் நம்பரும் கடைசியில். தூரத்தில் பதற வேண்டும், பக்கத்தில் வந்தால் சிரிக்க வேண்டும். இதைக் காட்டேஜ்காரரிடம் விளக்கும்போது எனக்கு என் மேலேயே பெரிய மரியாதை.

போஸ்டர் ஒட்டிய அன்று காலை பத்து மணி இருக்கும். நான் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு, யார் யார் நின்று பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து அக்கா ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதில், அந்தச் சரிவில், ஏப்ரனைக் கூடக் கழற்றாமல். இரண்டு கையிலும் சப்பாத்தி மாவு. ஸ்கூலுக்குப் பால் கொண்டுவருகிறவர் போஸ்டரைத் தூரத்தில் பார்த்துவிட்டு, "உங்க நாயக் காணோமாமே" என்று விசாரித்திருக்கிறார். அன்று காலையில்தான் கேட்டில் விட்டுவிட்டு வந்த நாய். அதற்குள் என்ன ஆயிற்று என்று அப்படியே போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார்.

நாய் அவர் வீட்டுப் படியில் படுத்திருந்தது. இவரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. அக்கா அப்படியே கீழே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். பழுப்பு முதுகெல்லாம் வெள்ளை மாவு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்னக்கா, விளம்பரங்க்கா அது! முழுசாப் படிச்சிட்டு ஓடி வரக் கூடாதா?"

அவர் மூச்சு வாங்க எழுந்து வந்து, கடைச் சுவரில் இருந்த போஸ்டரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். எனக்காகக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றவர், திரும்பிப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "கண்ணு முன்னால இருக்கறதக் காணோம்னு எழுதறது எனக்கென்னமோ ஒரு மாதிரி இருக்கு."

"உங்க நாய் இப்ப ஸ்டாரு அக்கா" என்றேன்.

மாவுக் கையோடு அவர் ஓடி வந்த கதையை அந்த வாரம் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். நாய்க்குச் சொந்தக்காரரே ஏமாந்துவிட்டார் என்றால் போஸ்டர் எவ்வளவு தத்ரூபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. ஒவ்வொரு முறையும் அவர் ஓடுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடித்துத்தான் காட்டினேன்.

போஸ்டர் சக்கைப்போடு போட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றியது. காட்டேஜ்காரர் மறுபடி அடிக்கச் சொன்னார். கீழே வத்தலக்குண்டு மார்க்கெட்டிலிருந்து மேலே கிளாவரை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒட்டினோம். அந்த சீசன் முழுக்க டூரிஸ்ட்டுகள் என் கடைச் சரிவில் இறங்கி வந்து நாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அது பாட்டுக்குப் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு நாலரை மணிக்கு எழுந்து கேட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் தீபாவளி வந்தது. விடிந்தும் விடியாமலும் தெருவில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அக்கா கதவைத் திறந்து பாலை எடுக்கக் குனிந்த நேரம். நாய் அவர் காலுக்கு ஊடே பாய்ந்து ஓடியது. எந்தப் பக்கம் போயிற்று என்று புகையில் யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் வந்துவிடும் என்றார்கள். சாயங்காலம் கேட்டுக்கு வந்துவிடும் என்றேன் நான். லீவு நாளிலும் அக்கா நாலரை மணிக்குப் போய் ஸ்கூல் கேட்டில் நின்றார். வரவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே படியில் நின்றார்.

"தம்பி, வெரசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க. இப்ப நெசமாவே காணோம்."

இப்போது நினைத்தால் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் போனில் இருந்த படங்களெல்லாம் ஆடியும் மங்கியும் இருந்தன. என்னிடம் பளிச்சென்று ஒரு படம் இருந்தது. ஃபைலும் இருந்தது. எழுத்து அதே இடத்தில், நாய் அதே இடத்தில். காட்டேஜ் வரிகளை அழித்துவிட்டு அக்கா நம்பரைப் போட்டேன். அவசரத்துக்கு உதவுகிறோம் என்ற நல்ல எண்ணம்தான் மனசில் இருந்தது. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவனுக்கு, தூரத்தில் இருந்து பார்த்தால் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பது உறைக்கவில்லை.

முதல் போன் மத்தியானமே வந்தது. அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரூம் இருக்குங்களா? பேமிலியா வர்றோம், எட்டுப் பேரு."

"ரூமெல்லாம் இல்லங்கய்யா. நாய்ங்க. எங்க வீட்டு நாயி. எங்கயாச்சும் பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "நல்லாப் பேசறீங்கக்கா. அது நல்ல இடத்துலதான இருக்கு? நாங்க வரட்டுமா வேணாமா?"

இப்படியே தினமும். சிலர் ரூம் கேட்டார்கள். சிலர் விளையாட்டுக்கு, "உங்க நாயி எங்க வீட்டு சோபாவுல உக்காந்திருக்கு" என்றார்கள். அதைக் கூட நம்பி அக்கா அட்ரஸ் கேட்டார், லைனை வைத்துவிட்டார்கள். ஸ்கூலில் வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. இவர் எடுத்தார், அதற்கும் பேச்சு வாங்கினார். ஒரு நம்பரையும் விடவில்லை. எல்லாரையும் "அய்யா", "அம்மா" என்று கூப்பிட்டு, ரூம் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

கடைக்காரர்களோ, "இன்னுமா இந்த விளம்பரம் ஓடுது?" என்று போஸ்டரை வாங்கிக் கல்லாவுக்கு அடியில் போட்டார்கள். நான் கோபத்தில் புதிதாக ஒன்று அடித்தேன். மேலே 'இது விளம்பரம் அல்ல' என்று கொட்டை எழுத்தில். பஸ் ஸ்டாண்டில் அதைப் படித்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பார்ட்டு டூ விட்டிருக்கான் பாரு, பயங்கரமா மண்டைய யூஸ் பண்றாய்ங்க" என்று பாராட்டினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியில், பழைய போஸ்டர்களைக் கிழித்தால்தான் புதியதை நம்புவார்கள் என்று புரிந்து, நாய் போன ஐந்தாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நல்ல மைதாப் பசை, லேசில் வரவில்லை. கொத்துக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நெற்றிக்கோடும் மடங்கின காதும் கரண்டியில் சுருண்டு வந்தன. பெருமாள்மலை வரை முடித்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே இருப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். மறுநாள் ஒரு கல்யாண பேனர் அவசரம் என்று வந்தது. அதற்கு மறுநாளும் மழை. நான் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து, கிளாவரையிலிருந்து கேரட், பீன்ஸ் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்குப் போகிற வேன் டிரைவர் ஒருவர் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்தார். சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, இந்த மாடல நான் நேர்லயே பாத்திருக்கேன்ண்ணே. போட்டோ கூட எடுத்தோம்."

போனை எடுத்து நீட்டினார். பெருமாள்மலைக்குக் கீழே, மலைப்பாதை ஓரத்தில் ஒரு டீக்கடை. சுவரில் நான் அடித்த காட்டேஜ் போஸ்டர். அதற்கு நேர் கீழே, நனைந்துபோய், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, கழுத்தில் டையோடு அது உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் டிரைவரும் இன்னொருவரும் குனிந்து சிரித்துக்கொண்டு. எப்போது எடுத்தது என்று தேதியைப் பார்த்தேன். நான் பெருமாள்மலையில் மழைக்குப் பயந்து திரும்பிய அதே நாள். இன்னும் ஐந்து நிமிஷம் இறங்கியிருந்தால் போதும்.

"யாருக்காச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? அது வெளம்பரந்தான?"

அவருடைய ஸ்டிக்கரை ஒட்டி முடித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். அக்காவிடம் சொல்லவில்லை. நாயோடு வந்து நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்று ஒரு அசட்டு ஆசை. அப்போதும் எனக்கு யாரையாவது அசத்தத்தான் தோன்றியிருக்கிறது.

டீக்கடை அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நாயைப் பற்றிக் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் ஓனரா?"

"இல்லங்க, பக்கத்து வீடு."

"மூணு நாளு இங்கதாங்க கெடந்துச்சு. காலு வீங்கியிருந்துச்சு. பன்னு போட்டேன், பாலு ஊத்துனேன். சாயங்காலமானா மட்டும் எந்திரிச்சு நொண்டிக்கிட்டே ரோட்டுக்குப் போயி, மேல பாத்துக்கிட்டு நிக்கும். எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. நாலாம் நாளு அப்படி நிக்கையில ஒரு டூரிஸ்ட்டு வண்டி..." கையை மட்டும் அசைத்துக் காட்டினார்.

நாலரை மணி டியூட்டிக்கு அது கிளம்பியிருக்கிறது.

"பாவம், அந்தா பின்னாடி பேரி மரத்தடியில நாந்தான் பொதைச்சேன். ஏங்க, இவ்வளவு பெருசா போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே, போன் பண்ணா ஒழுங்கா பேச மாட்டீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சுவரைக் காட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. டீ குடிக்க வந்த ஒருத்தரு காணவில்லைன்னு இருக்குன்னு படிச்சுச் சொன்னாரு. படமும் இதேதான். அந்த நம்பர அவரையே போட்டுத் தரச் சொல்லி, வந்த அன்னைக்கே பேசுனேன். 'உங்க நாயி இங்க எங்கிட்டதான் இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னேன். ஒரு ஆளு சிரிச்சிட்டு, 'அது சும்மாம்மா, நீங்க எப்ப ரூமுக்கு வர்றீங்க'ன்னு கேக்கறாரு. மறுநாளும் பேசுனேன். திட்டிட்டு வச்சுட்டாரு."

இந்த மலை முழுக்க ஆயிரம் பேர் அந்தப் போஸ்டரைப் பார்த்திருப்பார்கள். அதை நிஜம் என்று நம்பியவர் இவர் ஒருவர்தான். அவர் பேசிய நம்பரை அதில் போட்டவன் நான்.

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. மரத்தடியைப் போய்ப் பார்த்தேன். மண் மேல் நாலு கல் அடுக்கி வைத்திருந்தார். கிளம்பும்போது உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த டையை எடுத்துவந்து கொடுத்தார். துவைத்திருந்தார். "அவங்ககிட்டக் குடுத்துருங்க. நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

வருகிற வழியில் காட்டேஜ்காரருக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெனம் பத்துப் பேரு அப்படித்தாங்க வெளையாடறான். எங்க ஆளுக்கு எப்படித் தெரியும்? விடுங்க, அந்தம்மாவுக்கு வேற ஒரு நல்ல குட்டியாப் பாத்து வாங்கிக் குடுப்போம். அத வச்சே அடுத்த போஸ்டர் போட்டுறலாம்" என்றார். போனை வைத்துவிட்டேன். ஆறு மாசத்துக்கு முன்னால் அதை நானே சொல்லியிருப்பேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நேராக அக்கா வீட்டுப் படியில் போய் நின்றேன். சாயங்காலம் ஐந்து மணி. அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். படியில் நாயின் அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என் சட்டைப் பையில் டை இருந்தது. மேலே இருந்து கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க தம்பி. ஏதாச்சும் தெரிஞ்சதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கும் ஒருத்தர் ரூமுக்குப் பேசுனாரு. ரூமில்லங்க, நாயிதான்னேன். அவரு சிரிக்கல தம்பி. 'கவலப்படாதீங்கம்மா, பழைய போஸ்டர்லயே எழுதிருந்துச்சே, நல்ல இடத்துலதான் இருக்கும்'னாரு. எனக்குத் திடீர்னு அப்படித்தான் இருக்கும்னு தோணிருச்சு. எந்தப் பங்களாலயாச்சும் புல்லுல படுத்து வெயில் காஞ்சிக்கிட்டிருக்கும். இங்க வர மனசில்லாமத்தான் வரல. நீங்க அப்பவே சரியா எழுதிட்டீங்க. என்ன தம்பி?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. உனக்கு ஏதாவது தெரிந்திருந்தால் அதைச் சொல்லாதே என்கிற கெஞ்சலா, சொல் என்கிற கெஞ்சலா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு வசதியான மாதிரி முதலாவதாக எடுத்துக்கொண்டேன்.

"ஆமாக்கா" என்றேன்.

"பழைய போஸ்டரயெல்லாம் கிழிச்சிட்டீங்களாமே. எனக்கு ஒண்ணு வேணும். காட்டேஜ்காரங்க பேரெல்லாம் வேணாம். படமும் அந்த வரியும் மட்டும் போதும்."

அடித்துக் கொடுத்தேன். நல்ல தாளில், லேமினேஷன் போட்டு. காணவில்லை என்ற எழுத்தையும் எடுத்துவிட்டேன். அவர் அதை முன்னறையில், சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். காலையில் கடை திறக்கப் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும். நல்ல இடத்தில்தான் இருக்கிறது. வெயில் காய்கிறது. வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறது. நான் எழுதியதிலேயே அதிக நாள் மாட்டியிருப்பது அதுதான்.

நாலரை மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். டை என் மேசை டிராயரில், ஸ்டிக்கர் ரோல்களுக்கு அடியில் இருக்கிறது. காணவில்லை என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் இப்போது அந்த ஃபைலைத் திறப்பதில்லை, ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்கிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியாது. டீக்கடை அம்மா சொல்லச் சொன்ன ஒரு வார்த்தையைக் கூட, நான் நல்லாப் பார்த்துக்கொண்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கூட, அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

நாயின் பெயரை எழுதாமல் விட்டதற்கு முதலில் ஒரு காரணம் சொன்னேன். அது பாதிதான், மீதி பயம். அக்கா பைபிளைத் தவிர வேறு புத்தகம் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.